எடுக்காத பொட்டலம்

ஆயி கேட்காமல் எதையும் செய்ததில்லை. மாட்டை விற்கலாமா, கூரையை இந்த வருடம் மாற்றலாமா என்பதில் தொடங்கி, தங்கை வீட்டு விசேஷத்துக்கு இன்று மாலை பஸ் ஏறுவதா நாளைக் காலை ஏறுவதா என்பது வரை கேட்டாள். மனிதர்களிடம் அல்ல. கண்மாய்க் கரைக்குக் கீழே, ஊருணிக்கு எதிரே இருந்த அய்யனாரிடம். பள்ளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே வரப்பில் நடந்தால் வருகிற சின்ன ஊர் அது.

"ஆயி கொழம்புக்கு உப்புப் போடணும்னாலும் பூக்கட்டிப் பாத்துட்டுத்தான் போடுவா" என்று ஊருணியில் தண்ணீர் எடுக்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

"அதான் எங் கொழம்பு கரிக்கிறதில்ல" என்று ஆயியும் சேர்ந்து சிரிப்பாள்.

பூக்கட்டிப் பார்க்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஊர் அய்யனார் கோயிலில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. பூசாரி குருநாதன் வாழைச் சருகில் இரண்டு பொட்டலம் கட்டுவார். ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. பொட்டலங்களைக் குலுக்கிச் சாமி காலடியில் போடுவார். கேட்க வந்தவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதை அப்படியே கொண்டுபோய், கேட்டவர் தம் கையால் ஊருணியில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது. அப்படி யாரும் பார்த்ததில்லை.

தீர்மானிக்கிற வேலையைத் தெய்வத்திடம் ஒப்படைப்பதைப் பக்தி என்கிறோம். பல நேரங்களில் அது பக்திதான். சில நேரங்களில் அது வெறும் பயம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்; கும்பிடுகிறவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆயிக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவள் கணவர் கருத்தையா தொண்ணூற்றிரண்டில் வயிற்று வலியில் இறந்தார். முதலில் சாதாரண வலிதான். காரைக்குடியில் பார்த்த டாக்டர், தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை செய்துவிடச் சொன்னார். வயிற்றைக் கிழிப்பது என்றதும் வீடே நடுங்கியது. ஆயி கோயிலுக்கு ஓடினாள். எடுத்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது. மதுரைக்குப் போகவில்லை. கஷாயம், பத்தியம், வேண்டுதல் என்று நாள் போயிற்று. கடைசியில் மதுரைக்குப் போனபோது டாக்டர்களால் செய்ய ஒன்றுமில்லை. கருத்தையா திரும்பி வரும் வழியிலேயே கண்ணை மூடினார்.

"சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு. அதுக்கு மேல நாம என்னத்தச் செய்ய" என்று வந்தவர்களுக்கெல்லாம் ஆயி ஆறுதல் சொன்னாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிள்ளை இல்லை. கேணியோடு கூடிய வயல் ஒன்று, ஓட்டு வீடு ஒன்று, பசு ஒன்று. கருத்தையாவின் தம்பி செம்மலை தன் வயலோடு சேர்த்து அண்ணன் வயலையும் பார்த்துக்கொண்டார். உழவு, விதை, உரம் எல்லாம் அவர் பொறுப்பு. கேணி மேட்டில் கருத்தையா வைத்துவிட்டுப் போன ஆயில் இன்ஜினை ஓட்டுவதும் அவர்தான். நடவு, களை, அறுப்பு ஆயி பொறுப்பு. விளைந்ததில் அவள் பங்கு வீட்டுக்கு வந்துவிடும். அதில் செம்மலை ஒரு குறையும் வைத்ததில்லை.

தொண்ணூற்றைந்து ஆடியில் அவர் வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"மதினி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க தம்பி."

"நீங்க ஒத்தையில கெடந்து இம்புட்டுச் செரமப்படணுமா? வயல மொத்தமா எங்கிட்ட விட்டுருங்க. வீட்டப் பூட்டிட்டு நம்ம வீட்டோட வந்துருங்க. கஞ்சியோ தண்ணியோ, ஒண்ணாக் குடிப்போம்."

அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அண்ணன் மனைவியைக் காப்பது தன் கடமை என்று நம்பினார். ஆயியின் கேணி தன் வயலுக்கும் பாய்ந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். ஒரே மனதில் இரண்டும் சண்டையில்லாமல் இருக்க முடியும்.

இன்னொரு பெண்ணின் அடுப்படியில், எந்தச் சட்டியை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மீதிக் காலத்தைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று ஆயிக்குத் தெரியும். கணவனை இழந்த அவளுடைய சித்தி அப்படித்தான் இருந்தாள். ஆனால் மாட்டேன் என்று சொல்ல ஆயிக்கு வாய் வரவில்லை. "சாமியக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். வயலைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்றால் வெள்ளை, செம்மலையிடம் விட்டுவிட வேண்டும் என்றால் சிவப்பு. குருநாதன் குலுக்கிப் போட்டார். ஆயி கண்ணை மூடிக் கையை நீட்டினாள். அந்த நொடியில், அய்யனே வெள்ளை வரட்டும், வெள்ளை வரட்டும் என்று தனக்குள் ஒருத்தி கெஞ்சுவது அவளுக்குக் கேட்டது.

பிரித்தாள். செவ்வரளி.

"சாமி வாக்கு" என்றார் பூசாரி. அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்.

மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆயி ஊருணிக்கு வந்தாள். அந்த வருடம் கோடை கடுமை. ஊருணியில் தண்ணீர் நடுவில் ஒரு தட்டுப் போலக் கிடந்தது. படிகளெல்லாம் காய்ந்திருந்தன. அவள் வீசிய பொட்டலம் தண்ணீர் வரை போகவில்லை. கடைசிப் படியில் விழுந்து கிடந்தது. இறங்கி எடுத்து மறுபடி போடுவதற்குள், படியில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்று அதைக் கவ்விவிட்டது. நாரோடு சருகை இழுத்து மென்றது. உள்ளே இருந்த பூவை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கியது. அரளியை ஆடு தின்னாது.

காய்ந்த படியில் செவ்வரளி சிவப்பாகக் கிடந்தது.

ஆயி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினாள்.

"பூசாரி, இது என்னது?"

குருநாதன் பார்த்தார். "எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கப்படாதேத்தா! ஏன் பிரிச்ச?"

"நாம் பிரிக்கல. ஆடு பிரிச்சுச்சு."

"எந்த ஆடு?"

"எந்த ஆடுன்னு சொன்னா அதுமேல கேசு போடப் போறீகளா? ரெண்டுலயும் செவப்பு இருக்கே, அதச் சொல்லுங்க."

கிழவர் சற்று நேரம் தட்டைத் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகு சொன்னார். "செம்மலைதான் வந்து கேட்டாப்ல. ஒத்தப் பொம்பளை அல்லாடுறாக, நாம சொன்னாக் கேக்க மாட்டாக, சாமி சொன்னாக் கேப்பாகன்னு. ஒனக்கு நல்லதுதானேன்னு எனக்கும் பட்டுச்சு. தப்புத்தான் ஆத்தா."

ஆயி அங்கேயே நின்றாள். அவள் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"அவுக வயித்து வலிக்கு வந்து கேட்டேனே, அன்னைக்கும் இப்படித்தானா?"

குருநாதனின் முகம் மாறியது. எழுந்து போய் விளக்குச் சுடருக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்தார். "இந்த வெளக்கு மேல சத்தியம். அன்னைக்கு ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. எங் கையால கட்டுனேன். ஒரு தப்பும் நடக்கல. நீதான் எடுத்த."

அன்றும் மோசடிதான் என்று அவர் சொல்லியிருந்தால் ஆயிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பழி வேறொருவர் தலையில் விழுந்திருக்கும். அவள் ஏமாந்தவள் மட்டுமே ஆகியிருப்பாள். அது கிடைக்கவில்லை. பொய்யான பொட்டலம் அவளுடைய வயலைப் பறிக்கப் பார்த்தது. நேர்மையான பொட்டலம் அவள் கணவரைக் கொண்டுபோய்விட்டது. கோயில் படியில் உட்கார்ந்து, வெயில் ஏறும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

செய்தி ஊருக்குள் போக அதிக நேரம் ஆகவில்லை. சாயங்காலம் கோயில் வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. செம்மலை துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். வெட்கப்பட்டவர் கோபமாகப் பேசுவது போலப் பேசினார்.

"ஆமா, நாந்தேன் கட்டச் சொன்னேன். என்ன, மதினியக் கெணத்துல தள்ளவா சொன்னேன்?"

"பின்ன ஏன் சாமி பேரச் சொன்னீக? ஒங்க பேரச் சொல்ல வேண்டியதுதான?" என்றது கூட்டத்தில் ஒரு பெண் குரல்.

"சரி, தப்புதேன். தப்ப நேராக்கிருவோம்." செம்மலை ஆயியைப் பார்த்தார். "மதினி, காளையார்கோவிலுக்குப் போவோம். காளீஸ்வரர் சந்நிதியில வச்சுப் பாப்போம். பூவ நீங்களே பறிங்க. பொட்டலத்த நீங்களே கட்டுங்க. நான் தொடக்கூட மாட்டேன். வெள்ளை வந்தா வயலு பக்கமே வரமாட்டேன். செவப்பு வந்தா எங்கிட்ட விட்டுருங்க. இதுக்கு மேல நாயம் வேணுமா?"

ஊர் முழுக்கத் தலையாட்டியது. உண்மையிலேயே நியாயமான பேச்சு அது. குருநாதன்கூட, "சரியாத்தான சொல்றாப்ல" என்றார்.

ஆயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"வேணாம் தம்பி. வயல நானே வச்சுப் பாக்குறேன்."

"அதத்தான் சாமிகிட்டக் கேப்போம்ங்கிறேன்."

"கேக்கல."

"ஏன், காளீஸ்வரர் மேலயும் நம்பிக்க இல்லாமப் போச்சா?"

"சாமி மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஒங்கண்ணன் வயித்து வலியில துடிச்சாக. என்ன செய்யணும்னு ஒரு பொட்டலத்துகிட்டக் கேட்டேன். பக்கத்துல ஒக்காந்து அவுக மொகத்தப் பாத்தவ நான். எங்கிட்ட நான் கேக்கல. கேட்டிருந்தா, தூக்கு மதுரைக்குன்னுதான் சொல்லியிருப்பேன். சொல்லப் பயந்துக்கிட்டுத்தான் அங்க போயி நின்னேன். இனிமே அப்படி நிக்க மாட்டேன்."

செம்மலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, பாருங்க. இன்ஜின் ஓட்ட மட்டும் என்னயக் கூப்புடாதீக" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மோசடியைக் கண்டுபிடித்ததற்காக ஆயியைப் பாராட்ட ஒன்றுமில்லை. அது ஆடு செய்த வேலை. மோசடிக்கு எதிராக எழுந்து நிற்பதும் பெரிய காரியம் அல்ல. கோபம் அதைச் செய்துவிடும். நேர்மையான பொட்டலத்தை ஒருவர் முன்னால் நீட்டி, எடுத்துக்கொள், உன் பாரம் இறங்கிவிடும் என்று சொல்லும்போது வேண்டாம் என்பது வேறு. அதை அவள் அன்று செய்தாள். செய்த பிறகு வீட்டுக்குப் போய் விடிய விடியப் பயத்தில் புரண்டாள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புரட்டாசியில் உழவுக்கு ஆள் பிடித்தாள். விதை தேர்ந்தாள். நட்டாள். பழக்கம் விடவில்லை; ஒவ்வொன்றுக்கும் கால் தானாகக் கோயில் பக்கம் திரும்பும். திரும்பினால் போவாள். கதம்பம் கொண்டுபோய்ச் சாத்துவாள், கும்பிடுவாள், கேட்காமல் வருவாள். "என்னத்தா, சும்மா வந்துட்டுச் சும்மா போற?" என்று குருநாதனுக்கு ஆச்சரியம். "ஒருத்தர் வீட்டுக்கு எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் கேக்கவே போகணுமா?" என்றாள் ஆயி.

ஐப்பசி மழை பாதியில் நின்றது. கார்த்திகையில் தூறல். கண்மாய் பாதிகூட நிறையாமல், மார்கழி பிறக்கும் முன்பே தரை காட்டிவிட்டது. பயிர் அப்போதுதான் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் எல்லாம் பதர். ஆயியின் கேணியில் தண்ணீர் இருந்தது. மேலே கொண்டுவர இன்ஜினும் இருந்தது. அதைக் கிளப்பத்தான் ஆள் இல்லை.

கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புகிற பழைய இன்ஜின் அது. பெண்கள் தொட்டதில்லை. திருப்பி அடித்தால் ஆண்களுக்கே கை ஒடிந்திருக்கிறது. உள்ளூரில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் செம்மலையின் முகத்துக்கு அஞ்சி வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்கள். ஆயி பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனாள். கழனிவாசல் பக்கம் பட்டறை வைத்திருந்த காசிவிஸ்வநாதனைக் கூட்டி வந்தாள். அவர் இன்ஜினைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, ஒருமுறை கிளப்பிக் காட்டினார்.

"நாளைக்கும் வாரீகளா?" என்று கேட்டாள் ஆயி.

"தெனமும் காரைக்குடியில இருந்து வர முடியுமாக்கா? நீங்களே சுத்திப் பழகுங்க. இந்தா, தலையில இருக்கிற இந்தச் சின்ன லிவரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தணும். வேகம் நல்லா ஏறுன பெறகு லிவர விடணும். பாதி வேகத்துல பயந்து விட்டீகன்னா திருப்பி அடிக்கும்."

"எப்ப விடணும்னு எப்படித் தெரியும்?"

"அத நான் சொல்ல முடியாது. ஒங்க கையே சொல்லும்."

"எங் கை பொய் சொன்னா?"

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சிரித்துக்கொண்டே அவர் பையை எடுத்தார்.

மறுநாள் ஆயி சுற்றினாள். சக்கரம் கனத்துச் சுழன்றது. வேகம் ஏறும்போது சத்தமும் ஏறியது. அந்தச் சத்தத்துக்கு அவள் பயந்தாள். லிவரை விட்டாள். கைப்பிடி பின்னோக்கி உதறி மணிக்கட்டில் அடித்தது. வரப்பில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "சொன்னாக் கேக்குறாளா. சாமிகிட்டயும் கேக்க மாட்டேங்குறா, மனுசன்கிட்டயும் கேக்க மாட்டேங்குறா" என்றார் ஒருவர். அவள் காதில் விழும்படியே சொன்னார்.

அன்று சாயங்காலம் ஞானபூரணி டீச்சர் வந்தார். பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை; ஆயியிடம்தான் பால் வாங்குவார். வீங்கிய கையைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்தார்.

"இந்தா, வேளாங்கண்ணி எண்ணெய். தடவு. அப்புறம் இது மாதா பதக்கம். மந்திரிச்சது. இன்ஜின்ல கட்டி வை. ஒண்ணும் ஆகாது."

ஆயி எண்ணெயை வாங்கிக்கொண்டாள். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன், எங்க மாதா ஒனக்கு ஆகாதா?"

"ஐயோ, அதில்ல டீச்சர். கை வீங்கியிருக்கு, எண்ணெய் போட்டாக் கேக்கும். இன்ஜினுக்கு என்ன வீங்கியிருக்கு?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ பெரிய ஆளாயிட்ட போ" என்றார்.

"பெரிய ஆளெல்லாம் இல்ல டீச்சர். அதக் கட்டுனா, அது காப்பாத்தும்னு நெனச்சுக்கிட்டு அரைகுறையாச் சுத்துவேன். எனக்கு என்னயத் தெரியும்."

ஆனால் அடுத்த நாளும் இன்ஜின் உதறியது. அதற்கடுத்த நாளும். பயிரின் நுனி வெளுக்கத் தொடங்கியது. தரையில் வெடிப்பு விழுந்தது. ஊரார் சொன்னது சரிதானோ என்ற எண்ணம் மெல்ல அவளுக்குள் நுழைந்தது. கேட்டிருக்கலாம். வெள்ளை வந்திருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காது. சிவப்பு வந்திருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது. ஏதாவது ஒன்று வந்திருந்தால் போதும்; சும்மா இருந்திருக்கலாம்.

காலையில் குளித்துவிட்டு நேரே கோயிலுக்கு வந்தாள். ஈரக் கையில் துணி சுற்றியிருந்தது. குருநாதன் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். ஆடி மாதத்திலிருந்து அவருக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

"கட்டவாத்தா?" என்று குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவ ரெண்டுலயும் வெள்ளையவே வச்சுக் கட்டிர்றேன்."

ஆயிக்குச் சிரிப்பு வெடித்தது. கையில் வலி, வயலில் வெடிப்பு, கண்ணில் தண்ணீர். இவ்வளவுக்கும் நடுவில் வயிறு குலுங்கச் சிரித்தாள். குருநாதன் விழித்தார். பிறகு அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் சாமி முன்னால் கண்ணை மூடி நின்றாள். எத்தனையோ தடவை அங்கே கண்ணை மூடியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கை பொட்டலத்தைத் தேடிப் போய்விடும். மனம் அதன் பின்னாலேயே ஓடிவிடும். இன்று போவதற்கு இடம் இல்லை. முதலில் பயம்தான் தெரிந்தது. பயம் பெரிதாக, ஒரு மாடு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றது. அவள் அதை விரட்டவில்லை. நிற்கட்டும் என்று விட்டாள். கொஞ்ச நேரம் கழித்தும் பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள்தான் அதைவிடப் பெரிய ஏதோ ஒன்றில் நின்றுகொண்டிருந்தாள். அது அசையவில்லை. அதற்கு வெள்ளையும் வேண்டியிருக்கவில்லை, சிவப்பும் வேண்டியிருக்கவில்லை. இது இத்தனை வருடமும் இங்கேதான் இருந்ததா என்று அவளுக்குத் தோன்றியது. கோயிலில் என்று சொல்வதா, தன்னிடத்தில் என்று சொல்வதா என்று பிற்பாடு டீச்சரிடம் சொல்ல முயன்றபோது அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. "அது ரெண்டு எடமா இல்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

திருநீறு பூசிக்கொண்டு கேணிக்கு நடந்தாள்.

துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கைப்பிடியை மாட்டினாள். லிவரைத் தூக்கினாள். சுற்றினாள். சக்கரம் கனத்தது, பிறகு இளகியது, பிறகு ஓடியது. சத்தம் ஏறியது. முந்திய நாட்களில் லிவரை விட்ட இடம் வந்தது. விடவில்லை. தோள் எரிந்தது. மணிக்கட்டு கத்தியது. இன்னும் சுற்றினாள். ஒரு கட்டத்தில் அவள் சக்கரத்தைச் சுற்றுகிறாளா, சக்கரம் அவளைச் சுற்றுகிறதா என்று தெரியவில்லை. அப்போது விட்டாள்.

இன்ஜின் ஒருமுறை இருமியது. கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. கறுப்பாய் ஒரு புகை குழாயில் கிளம்பிப் பனை உயரம் போயிற்று. தொடர்ந்து தடதடவென்று அந்தச் சத்தம். கருத்தையா இருந்தபோது விடியலில் வீடு வரை கேட்கிற அதே சத்தம். குழாய் விம்மி, முதலில் சேறும் பிறகு வெள்ளையாய்த் தண்ணீரும் தொட்டியில் கொட்டியது. ஆயி கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேணி மேட்டில் நின்று கத்தினாள். என்ன கத்தினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் அப்படி.

வரப்பில் ஆள் கூடிவிட்டது. "அடி ஆத்தி, கெளப்பிட்டாளே!" என்றாள் ஒருத்தி. முதல் நாள் அவள் காதில் விழும்படி பேசியவர் வாய்க்கால் மடையை அடைக்க மண்வெட்டியோடு தானே இறங்கினார்.

தண்ணீர் ஆயியின் வயலை நனைத்து முடியும்போது, கீழ் வரப்பில் செம்மலை நிற்பதை அவள் பார்த்தாள். அவருக்குக் கேணி இல்லை. அவர் பயிரும் அதே பால் பருவம். அவளுடையதைவிட மோசமாக வெளுத்திருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்க முடியாது என்று ஆடியிலேயே தம் வாயால் பூட்டிக்கொண்டவர். தம் வயலைப் பார்த்தபடி நின்றார்.

"தம்பி!" என்று கூப்பிட்டாள் ஆயி. "வரப்ப வெட்டி விடுங்க. அங்குட்டும் போகட்டும்."

பக்கத்தில் நின்றவள் ஆயியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, அவன் ஒனக்குச் செஞ்ச காரியத்துக்கா? கேணி வத்திருச்சுன்னா ரெண்டு வயலும் போயிரும்டி. எதுக்கும் அய்யனாரக் கேட்டுட்டு விடு."

"கண்ணு முன்னாடி பயிரு கருகுது. இதுல கேக்க என்ன இருக்கு?"

செம்மலை அசையாமல் நின்றார். ஆயி மண்வெட்டியை வாங்கித் தானே வரப்பை வெட்டினாள். தண்ணீர் அவர் காலடிக்கு வந்தது. குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். "மதினி, ஒங்க கையி வீங்கியிருக்கு. நாளைக்கு நான் சுத்துறேன்" என்றார்.

"நானே சுத்திக்கிருவேன். நீங்க மடையப் பாருங்க."

பயந்தது போலவே கேணி அடி வரைக்கும் போயிற்று. கடைசித் தண்ணீர் கலங்கலாகத்தான் வந்தது. ஆயியின் வயலில் மேட்டு மூலை பதராகிவிட்டது. செம்மலை வயலிலும் கொஞ்சம் போயிற்று. மற்றதெல்லாம் நின்றது. சுற்று வட்டாரத்தில் அந்த வருடம் பயிர் எடுத்தவர்கள் குறைவு.

தை நடுவில் அறுத்தார்கள். களத்தில் அடித்துத் தூற்றிக் குவித்தபோது ஆயியின் நெற்பொலி இடுப்பளவு நின்றது. அளக்கும் நேரம். முதல் மரக்காலைப் பொலி கூவி வீட்டு ஆம்பளைதான் போடுவது, களம் அதைத் திருப்பிச் சொல்வது அந்த ஊர் வழக்கம். கணவனை இழந்தவள் பொலிக்குப் பக்கத்தில் முதலில் வரக்கூட மாட்டாள். மூன்று வருடமாக ஆயியின் நெல்லையும் செம்மலைதான் அளந்திருக்கிறார். அவர் பழக்கத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மரக்காலுக்குக் கை நீட்டினார்.

மரக்கால் அங்கே இல்லை. ஆயி அதை எடுத்து வைத்துக்கொண்டு பொலிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பதர் புடைத்துக்கொண்டிருந்தவர்கள் முறத்தை இறக்கினார்கள். இது வழக்கம் இல்லையே என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அதனாலேயே யாரும் சொல்லவில்லை. ஆயி யார் முகத்தையும் பார்க்கவில்லை. குவியலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மரக்காலை உள்ளே செலுத்தி, தளும்ப அள்ளி, கையால் தலை தடவி நிமிர்த்தினாள்.

"பொலியோ பொலி!"

அந்தக் குரல் கண்மாய்க் கரை வரைக்கும் போனது. பிறகு செம்மலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து திருப்பிச் சொன்னார்.

"பொலியோ பொலி!"

களமே சொன்னது. நெல் சாக்கில் சரசரவென்று இறங்கியது. ஆயி அடுத்த மரக்காலை அள்ளினாள்.